லுப்னாவின் வெள்ளை முக்காடு

ஜித்தாவிலிருந்து யாங்கோனுக்கு வந்து இறங்கிய நான்காம் நாள் காலையில், மைமூன் கையில் ஒரு தூக்குடன், மீன்குழம்பு ஊற்றிய சேமியாவான மொஹிங்கா வாங்கக் கீழே ஓடினாள். மே மாதப் புழுக்கம். விடிவதற்குள்ளேயே மின்சாரம் போய்விட்டிருந்தது. கூவிக்கொண்டு போகிற பெண் தெருமுனையைத் தாண்டிவிடுவாளோ என்கிற அவசரம். முதல் மாடித் திருப்பத்துக்கு வந்த பிறகுதான் கழுத்தில் காற்றுப் படுவது தெரிந்தது. தலையில் ஒன்றும் இல்லை. தூங்கி எழுந்த கொண்டை, அரைக்கைச் சட்டை, இடுப்பில் வீட்டில் சுற்றியிருந்த தமெயின் என்கிற பர்மிய லுங்கி, அவ்வளவுதான்.

மேலே போய் முக்காட்டை எடுத்து வர ஒரு நிமிடம் போதும். அவள் போகவில்லை. அப்படியே இறங்கித் தெருவுக்குப் போய், தூக்கில் மொஹிங்கா வாங்கி, கூடவே பொரித்த சுரைக்காயும் வாங்கிக்கொண்டு நிதானமாக மேலே ஏறினாள். 

யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் இதே தெருவில் பிறந்தவள் மைமூன். அடையாள அட்டையில் அவளுக்குக் கின் மியோ என்று ஒரு பர்மியப் பெயர். பள்ளிக்கூடத்துக்குப் பச்சைத் தமெயினும் வெள்ளைச் சட்டையும், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சும், பின்னலில் ஒரு பூவுமாகப் போய் வந்தாள். ஓதப் போகும்போதும் தொழும்போதும் முக்காடு. அதற்கு மேல் அவளை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. இருபத்து மூன்றாம் வயதில் உதுமானைக் கட்டிக்கொண்டு ஜித்தாவுக்குப் புறப்பட்டபோது, விமானம் தரையிறங்குவதற்குச் சற்று முன்பு அவர் ஒரு பையை நீட்டினார். "போட்டுக்கிட்டு வா." விமானத்தின் குறுகலான கழிப்பறையில், முழங்கை சுவரில் இடிக்க, அந்தக் கறுப்பு அங்கியை அவள் தலைகீழாக ஒருமுறை போட்டு, கழற்றி, மறுபடியும் போட்டாள். பதினாறு வருஷம் அது உடம்போடு இருந்தது. பழகிப்போனது என்றுதான் சொல்ல வேண்டும். கடைசி ஐந்தாறு வருஷத்தில் அந்த ஊரே மாறிவிட்டது. கடற்கரையில் பெண்கள் வெளிர்நீல அங்கியில், முன்பக்கம் திறந்துவிட்டு, முடி காற்றில் பறக்க நடந்தார்கள். தானும் அப்படிப் போகலாமா என்று ஒருநாள் மைமூன் கேட்டாள். கார்களுக்கு ஏசி சரிசெய்யும் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த உதுமான், திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "ஊர் மாறினா நாமளும் மாறணுமா?"

குடும்ப விசாவைப் புதுப்பிக்க முடியாமல் போனதால் அவளும் மகளும் மட்டும் திரும்பி வந்தார்கள். உதுமான் இன்னும் இரண்டு வருஷம் அங்கே இருந்துவிட்டு வருவதாகப் பேச்சு.

மகள் லுப்னாவுக்குப் பதினைந்து வயது. ஜித்தாவில் பிறந்து வளர்ந்தவள். தமிழும் அரபியும் சரளமாகப் பேசுவாள். பர்மிய மொழியில் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தடுமாறுவாள். அன்று காலை அவள் பால்கனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"உம்மா, நீங்க கீழ அப்படியே போனீங்க."

"மறந்துட்டேன்."

"மறந்தா மேல வந்திருப்பீங்க."

மைமூன் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். "சின்னப் பிள்ளையில நான் இந்தத் தெருவுல இப்படித்தான் நடந்தேன் லுப்னா. எனக்கு இப்படி நடக்கணும்போல இருக்கு. தொழுகையை விடல, நோன்பை விடல. இது ஒன்னுதான்."

 லுப்னா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். பிறகு கேட்டாள். "வாப்பாகிட்ட என்ன சொல்றது?"

"நீ ஒன்னும் சொல்ல வேண்டாம்."

"கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

அன்றிலிருந்து மைமூனால் வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உதுமான் வீடியோவில் அழைக்கும்போது மட்டும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அழைப்பு முடிந்ததும் அதைக் கழற்றிக் கதவின் பின்னால் மாட்டினாள். பிறகு ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே கிளம்பினாள். பசுந்தாங் நிலையத்தில், நகரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் ஏறி இன்சீன் வரை போய், சந்தையில் ஒன்றும் வாங்காமல் திரும்பினாள். இன்னொரு நாள் பேருந்தில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து தன்லியின் என்கிற ஊருக்குப் போனாள். ஜன்னல் காற்றில் முடி கலைந்து வாயில் புகுந்தது. அதை ஒதுக்கிவிடக் கையைத் தூக்கும்போதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்று தேடினாள். ஒருவரும் பார்க்கவில்லை. வந்த முதல் மூன்று நாளும் கறுப்பு அங்கியில் இதே மாதிரிப் பேருந்துகளில் போனபோது பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது. எதிரில் இருந்தவர்கள் தங்கள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். இப்போது ஒரு கிழவி அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். இது தான் ஆசைப்பட்ட விடுதலையா, இல்லை கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும் சௌகரியமா என்று மைமூனுக்குக் குழப்பமாக இருந்தது. தன்லியினில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டாள்.

அவர்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பவானி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் மைமூனுடன் ஒரே பெஞ்சில் இருந்தவள். கடையில் பாஸ்போர்ட் அளவுப் படமும் எடுப்பாள், வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பமும் நிரப்பிக் கொடுப்பாள். இப்போது ஊரில் பாதிப் பேர் வெளியே போகத்தான் அலைகிறார்கள். மைமூனுக்கு அரபி எழுதத் தெரியும் என்றதும் பவானி அவளை ஒரு மேஜையில் உட்கார வைத்துவிட்டாள்.

ஒருநாள் துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போகிற ஒரு பர்மியப் பெண் கேட்டாள். "அங்கே முடியை மூடணுமா அக்கா?"

"அந்த ஊர்ச் சட்டம் கேக்காது. நீ வேலைக்குப் போற வீட்டுக்காரங்க கேக்கலாம்" என்றாள் மைமூன். "போறதுக்கு முன்னாடியே போன்ல கேட்டுக்க. போன பிறகு கேக்க முடியாது."

அந்தப் பெண் போனதும் பவானி சொன்னாள். "நீயும் கேட்டுக்கிட்டுத்தான் போனியாக்கும்."

"என்கிட்ட யாரு கேட்டா."

"விடு. நான் டவுன்ஷிப் ஆபீசுக்குப் போனா படியிலேயே பொட்டை அழிச்சுட்டுத்தான் உள்ள போவேன். வெளிய வந்து கைப்பையில இருக்கிற கண்ணாடியைப் பார்த்து மறுபடி வெச்சுக்குவேன். வேலை சீக்கிரம் முடியுது, அதான். எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

ஜூன் பிறக்கும் முன் லுப்னாவைச் சேர்க்க ஒரு தனியார் பள்ளி கிடைத்தது. ஆங்கிலப் பாடம் நன்றாக நடக்கும் என்றார்கள். சேர்க்கைக்குப் படம் வேண்டும், அதில் காது தெரிய வேண்டும். பவானியின் கடையில் அப்போது இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். லுப்னா வாசலிலேயே நின்றுவிட்டாள். பவானி அவர்களிடம் பத்து நிமிடம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கினாள். லுப்னா முக்காட்டைக் கழற்றி, படம் எடுத்து முடிந்ததும் உடனே சுற்றிக்கொண்டாள். மைமூன் விண்ணப்பத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை டா எய் மூ சிரித்த முகமுள்ள அம்மாள். டீச்சர் என்னும் பொருளில் எல்லாரும் அவரைச் சயாமா என்றார்கள். லுப்னாவின் மதிப்பெண்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு பர்மிய மொழியில் மைமூனிடம் சொன்னார். "எங்கள் சீருடையில் தலைத்துணி கிடையாது. வாசலுக்குள் வரும்போது எடுத்துவிட வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான்."

லுப்னாவுக்குப் பாதி புரிந்தது. அம்மாவின் கையைத் தொட்டாள். "கேளுங்க உம்மா. சீருடைக்கு ஏத்த மாதிரி வெள்ளையில போட்டுக்கலாமான்னு கேளுங்க. சின்னதா. ஊசி போட்டு உள்ள சொருகிடுவேன்."

டா எய் மூ, பிள்ளை என்ன சொல்கிறாள் என்பதுபோல் மைமூனைப் பார்த்தார்.

மைமூன் வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு என்ன தோன்றியது என்பதைப் பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். மகளும் தன்னைப் போல் ஆகிவிட்டால் வீட்டில் அவளுடைய அந்தக் குற்றம் சாட்டும் பார்வை இருக்காது. பள்ளிக்கூடமே அதைச் செய்துவிடும், தன் கையில் பழி இல்லை. "பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது என்கிறாள் சயாமா" என்று பர்மிய மொழியில் சொன்னாள். டா எய் மூ வேகமாக ஏதோ பதில் சொன்னார், லுப்னாவுக்கு அது பிடிபடவில்லை. பிறகு மைமூன் மகளிடம் தமிழில் சொன்னாள். "முடியாதுங்கறாங்க."

லுப்னா தலையாட்டினாள். 

பள்ளி திறந்த அன்று மழை. வாசலில் பிள்ளைகளும் பெற்றோரும் முச்சக்கர வண்டிகளும் குவிந்திருந்தன. லுப்னா குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் திரும்பி நின்று, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள். முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்புறம் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, மழைக்கு மறைப்பதுபோல், குனிந்தபடி உள்ளே ஓடினாள். மற்றப் பிள்ளைகளும் மழைக்கு ஓடத்தான் செய்தார்கள். ஆனால் உள்ளே கூரைக்குக் கீழே போன பிறகும் லுப்னா கையை எடுக்கவில்லை என்பதை மைமூன் வெளியிலிருந்து பார்த்தாள்.

அன்று அவள் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. பள்ளி விடும் வரை பசுந்தாங் ஓடைக்கரையிலும் சந்தையிலும் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. லுப்னா பள்ளிக்குப் போனாள், வந்தாள், பாடம் படித்தாள். சாப்பாட்டில் குறை சொல்வதைக்கூட நிறுத்திவிட்டாள். ஒருமுறை உதுமான் அழைத்தபோது மைமூன் குளித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. "உம்மா வெளிய எப்படிப் போறா? ஒழுங்காப் போறாளா?"  பிறகு லுப்னா, "கரண்ட் போயிடுச்சு வாப்பா" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். குளியலறையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மூன்றாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பீர் முகைதீன் வந்தார். உதுமானின் அண்ணன், இரண்டு தெரு தள்ளிக் குடைக்கடை வைத்திருப்பவர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். மைமூன் வழக்கம்போல் முக்காட்டை எடுக்கக் கதவுப் பக்கம் போனாள்.

"வேண்டாம்மா. தன்லியின் பஸ்ல உன்னைப் பார்த்தேன். பின்னாடி சீட்டுலதான் இருந்தேன்."

மைமூன் நின்றுவிட்டாள். "எப்ப மச்சான்?"

"போன மாசம். ஒரு மாசமா யோசிச்சேன், சொல்றதா வேண்டாமான்னு. நேத்து தம்பி நேரா கேட்டான். சொல்லிட்டேன். எனக்கு மறைக்கத் தெரியாது." அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் உன்னைக் குத்தம் சொல்ல வரல. எங்க உம்மா இந்த ஊர்ல ஒரு துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் வாழ்ந்தாங்க, தலையில அது பாதி நேரம் நிக்காது. ஆனா தம்பி வேற மாதிரி ஆயிட்டான். அவன் கூப்பிடுவான். முன்கூட்டியே உன்கிட்ட சொல்லிடலாம்னு வந்தேன்."

அவர் தேநீரைக் குடித்து முடித்துக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கைபேசி ஒலித்தது. ஜித்தாவில் அப்போது காலை நேரம். லுப்னா பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. மைமூன் கதவின் பின்னால் தொங்கிய முக்காட்டைப் பார்த்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்து அழைப்பை எடுத்தாள்.

 திரையில் உதுமானின் முகம் களைத்துப் போயிருந்தது. தாடியில் நரை கூடியிருந்தது.

"அப்ப அண்ணன் சொன்னது நெசம்தான்."

"நெசம்தாங்க."

"எத்தனை நாளா?"

"வந்த நாலாம் நாள்லேர்ந்து. நானே சொல்லியிருக்கணும். பயந்துக்கிட்டு இருந்தேன்."

"நான் என்ன அடிச்சேனா உன்னை? ஒருநாள் கை ஓங்கியிருப்பேனா?"

"இல்லங்க. நீங்க ஒன்னும் செய்யல. ஒரு வார்த்தை என்னைக் கேக்கவும் இல்ல. பிளேன்ல பையை நீட்டினீங்க, நான் போட்டுக்கிட்டேன்."

"பிள்ளையைப் பாத்துக் கத்துக்க மைமூன். வயசுப் பிள்ளை அவ, எவ்வளவு ஒழுங்கா இருக்கா."

மைமூன் கைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "அவ பள்ளிக்கூடத்துல தலை திறந்துதான் உக்காந்திருக்கா. போட்டுக்கலாமான்னு கேக்கச் சொன்னா, நான் கேக்கல. முடியாதுங்கறாங்கன்னு அவகிட்ட பொய் சொன்னேன். நீங்க எனக்குச் செஞ்சதை நான் அவளுக்குச் செஞ்சிட்டேன்."

உதுமான் அதிர்ந்து போய்விட்டார். "பள்ளிக்கூடத்தை நிறுத்து. நாளைக்கே நிறுத்து."

"பள்ளிக்கூடமும் வேணும், அவ முக்காடும் வேணும். நான் பாத்துக்கறேன்."

"உனக்கே வேண்டாம்னு ஆயிடுச்சு, அவளுக்கு நீ என்னத்தைப் பாக்கப் போறே?"

 அவர் அழைப்பைத் துண்டித்தார்.

சாயங்காலம் லுப்னா வந்து பையை இறக்கியதும் மைமூன் எல்லாவற்றையும் சொன்னாள். வாப்பா அழைத்தது, தான் முக்காடில்லாமல் பேசியது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் நடந்தது. லுப்னா கேட்டுக்கொண்டே ஈரச் சாக்ஸைக் கழற்றினாள்.

"நீங்க கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"ரெண்டு வாரமா நான் அந்தம்மாவைத் திட்டிக்கிட்டு இருக்கேன். மனசுக்குள்ள. ஒவ்வொரு நாளும்." லுப்னா சாக்ஸைத் தரையில் எறிந்தாள். "உங்களுக்காக நான் வாப்பாகிட்ட கரண்ட் போயிடுச்சுன்னு சொன்னேன்."

"கேட்டேன். குளியலறையில இருந்தேன்."

லுப்னா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மறுநாள் முழுவதும் பேசவில்லை.

திங்கள்கிழமை மைமூன் பள்ளிக்குப் போனாள். நல்ல தமெயின் ஒன்றைக் கட்டி, முடியை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு போனாள். டா எய் மூ அவளை உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குப் புரியவில்லை.

"நீங்களே போடவில்லையே?"

"எனக்கு வேண்டாம் சயாமா. அவளுக்கு வேண்டும். அன்றைக்கே கேட்கச் சொன்னாள். நான்தான் உங்களிடம் கேட்கவில்லை."

டா எய் மூ விரலால் மேஜையைத் தட்டினார். அவர் கெட்டவர் இல்லை. இந்தக் காலத்தில் பள்ளி நடத்துவதில் உள்ள தொல்லைகளைச் சொன்னார். ஒரு பிள்ளைக்கு விட்டால் கேள்வி வரும், ஆய்வுக்கு வருகிறவர்கள் குறித்துக்கொண்டு போவார்கள் என்றார். கடைசியில், நிர்வாகத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். மைமூன் அடுத்த வாரம் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். மூன்றாம் முறை, வகுப்பறை வாசல் வரையில் போட்டுக்கொள்ளலாம், இடைவேளையில் நூலக அறையில் போட்டுக்கொள்ளலாம், வகுப்பில் மட்டும் கூடாது என்று பதில் வந்தது.

அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், லுப்னாவிடம் சொன்னாள். "நீ சொல்றதுதான். இருக்கிறதா, வேற பாக்கிறதா?"

 பள்ளியில் லுப்னாவுக்கு ராஜி என்றொரு சிநேகிதி கிடைத்திருந்தாள், தமிழ்ப் பிள்ளை, பர்மிய மொழிப் பாடத்தை அவள்தான் புரியவைப்பாள். நாலு நாள் கழித்து லுப்னா சொன்னாள். "வேற பாருங்க உம்மா. ராஜி வீட்டுக்கு வருவா."

பீர் முகைதீன்தான் அலைந்து ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். வெளிநாட்டுப் பரீட்சைக்குத் தயார் செய்கிற வகுப்பு, இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். சீருடை கிடையாது. பிள்ளைகள் ஜீன்ஸிலும் தமெயினிலும் வந்தார்கள். லுப்னா வெள்ளை முக்காட்டில் போனாள். ஏற்கெனவே படித்த பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது, ஒரு வருஷம் வீண். வழியில் இருந்த சோதனைச் சாவடியில் சில நாள் அவளை மட்டும் நிறுத்திப் பையைக் கிளறினார்கள். அதனால் மைமூன் தினமும் கூடப் போனாள். அவள் முன்னால் போய்ப் பர்மிய மொழியில் பேசுவாள், மகள் பின்னால் நிற்பாள். காவலர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். "உன் மகளா?" என்று ஒருவன் இரண்டு முறை கேட்டான்.

உதுமான் ஐந்து வாரம் மகளிடம் மட்டும் பேசினார். ஆறாம் வாரம் மைமூனை அழைத்தார், படமில்லாமல், குரல் மட்டும். பட்டறையில் ஒரு கம்பிரஸர் வெடித்த கதையைச் சொன்னார். முழங்கால் வலியைச் சொன்னார். அவளும் மருந்து சொன்னாள். வேறு எதையும் இருவரும் தொடவில்லை. அதன்பிறகு குரல் அழைப்பு என்றே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்து நிறுத்துவது போலிருக்கும். மைமூன் காத்திருப்பாள். பிறகு அவர் சலாம் சொல்லி வைத்துவிடுவார்.

ஆகஸ்டு மழையில் ஒரு மதியம் வகுப்பு முடிந்து வரும் வழியில் தாயும் மகளும் பேருந்து மாறுகிற நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். இரண்டு பேருந்துகள் நிற்காமலே போய்விட்டன. லுப்னா முன்போலக் கலகலப்பாக இன்னும் ஆகவில்லை. ஆனால் பேசத் தொடங்கியிருந்தாள்.

"வாப்பா ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா, நீங்க போட்டுக்குவீங்களா?"

"தெரியல."

"நான் எடுத்துட்டா?"

மைமூன் திரும்பிப் பார்த்தாள். "எடுக்கப் போறியா?"

"இல்ல. சும்மா கேட்டேன்." லுப்னா சாலையைப் பார்த்தபடி நெற்றிப் பக்கம் நழுவிய ஊசியைச் சரிசெய்தாள். "எடுத்தா எனக்கா தோணி எடுப்பேன். இல்லன்னா எடுக்க மாட்டேன். நீங்க எதிர்பாக்காதீங்க."

"எதிர்பாக்கல" என்றாள் மைமூன். சொன்னதில் முழு உண்மை இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவள் விட்டுவிட்டாள். மூன்றாவது பேருந்து வந்து நின்றது. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, நனைந்த குடையை இரண்டு பேரின் காலுக்கும் நடுவில் நிறுத்தி, பசுந்தாங் வரை நின்றபடியே போனார்கள்.